பழைய தொற்றின் மீது புதிய பழி

இரண்டு, மூன்று முறை கரு கலைந்துபோன பெண், மருத்துவரின் முன்னால் உட்கார்ந்து கேட்பது ஒரே கேள்விதான்: “எனக்கு மட்டும் ஏன் தங்க மாட்டேங்குது?” அதற்கு விடை தேடி நம் ஊர்களில் எழுதித் தரப்படும் சீட்டில் ‘டார்ச் டெஸ்ட்’ இன்னமும் முதல் சில வரிகளுக்குள் இடம்பிடித்துவிடுகிறது. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, ருபெல்லா, சைட்டோமெகலோ வைரஸ், ஹெர்பிஸ் ஆகியவற்றுக்கான எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கும் பரிசோதனைத் தொகுப்பு அது. ‘டாக்ஸோ பாசிட்டிவ்’ என்று முடிவு வந்துவிட்டால், குடும்பத்துக்கே ஒரு விடை கிடைத்துவிட்டதாகத் தோன்றும். வீட்டுப் பூனை விரட்டப்படும். வாரக்கணக்கில் மாத்திரை எழுதப்படும். ‘உடம்புல கிருமி இருக்காம்’ என்ற பேச்சு அந்தப் பெண்ணைச் சுற்றிக்கொள்ளும்.

பெரும்பாலான பெண்களுக்கு இந்த விடை தவறானது. மருத்துவ உலகம் இதை அறிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. தொடர் கருச்சிதைவுக்குக் காரணம் தேடுவதில் டார்ச் பரிசோதனையால் பயனில்லை என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி 2011 வழிகாட்டுதலிலேயே எழுதிவிட்டது. இதற்கிடையே, அந்தப் பழைய பரிசோதனையின் மேல் புதிய அடுக்கு ஒன்று ஏறிக்கொண்டிருக்கிறது. நோய் எதிர்ப்பாற்றலை ஆளும் மரபணுக்களில் உள்ள சிறு வேறுபாடுகள் காரணமாகவே சில பெண்களின் கரு ஒட்டுண்ணிக்கு இரையாகிறது என்று சொல்லும் ஆய்வுகள் மேற்கு ஆசியாவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வந்துகொண்டிருக்கின்றன. அவை எழுப்பும் கேள்வி முக்கியமானது, அழகானதும்கூட. ஆனால், ஆய்வுக்கூடத்தில் கேள்வியாக இருப்பது மருத்துவமனை வாசலில் விடையாக விற்கப்படுவதற்கு நாம் இடம்தரக் கூடாது.

தனிப்பட்ட சோகமல்ல

உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.3 கோடி கருச்சிதைவுகள் நிகழ்வதாக 2021-ல் ‘தி லான்செட்’ மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரை வரிசை மதிப்பிட்டது. உறுதிசெய்யப்பட்ட கருவுறுதல்களில் ஏறக்குறைய 15 சதவீதம் கருச்சிதைவில் முடிகிறது. பெண்களில் பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இது நேர்கிறது. இரண்டு முறை இழப்பவர்கள் சுமார் 2 சதவீதம். மூன்றோ அதற்கு மேலோ இழப்பவர்கள் 0.7 சதவீதம். கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆயிரம் பெண்கள் உள்ள ஒரு பேரூராட்சியில் ஏழு பேர் என்று எண்ணிப் பார்த்தால் அதன் கனம் விளங்கும்.

அந்த ஏழு பேரும் நம் நடுவில்தான் இருக்கிறார்கள். வளைகாப்புக்கு அழைக்கலாமா, வேண்டாமா என்று உறவினர்கள் தயங்குவது இவர்களை நினைத்துத்தான். நாகதோஷம் என்று ராமேசுவரத்துக்கு அனுப்பப்படுபவர்களும், ‘ராசியில்லாதவள்’ என்ற சொல்லைக் காதில் வாங்கிக்கொண்டு அடுப்படிக்குத் திரும்புபவர்களும் இவர்களே. இப்படிப்பட்ட மனநிலையில் இருப்பவரிடம் ‘உங்கள் ரத்தத்தில் காரணம் கிடைத்துவிட்டது’ என்று சொல்வது மிகப் பெரிய வாக்கு. அந்த வாக்குக்கு ஆதாரம் இருந்தாக வேண்டும்.

ஒட்டுண்ணியின் கதை

டாக்ஸோபிளாஸ்மா கோண்டி 1908-ல் கண்டறியப்பட்டது. துனிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் சார்ல்ஸ் நிக்கோலும் லூயி மான்சோவும் ‘குண்டி’ என்ற வட ஆப்பிரிக்கக் கொறிவிலங்கில் இதைக் கண்டனர். அதே ஆண்டு பிரேசிலின் சாவ் பாவ்லோவில் அல்ஃபோன்சோ ஸ்ப்ளென்டோரே முயலில் கண்டார். பிறவியிலேயே தொற்றோடு பிறந்த குழந்தையின் மூளையில் இந்த ஒட்டுண்ணி இருப்பதை 1939-ல் நியூயார்க் மருத்துவர்கள் உறுதிசெய்தனர். ரத்தத்தில் இதற்கான எதிர்ப்பொருளைக் கண்டறியும் முதல் நம்பகமான முறையை 1948-ல் உருவாக்கியவர்களில் ஒருவர் ஆல்பர்ட் சேபின். போலியோ சொட்டு மருந்தால் நாம் அறிந்த அதே சேபின். பூனை இனத்தின் குடலில்தான் இந்த ஒட்டுண்ணி தன் வாழ்க்கைச் சுழற்சியை நிறைவுசெய்கிறது என்பது 1970-ல்தான் தெளிவானது.

பூனையின் கழிவில் வெளியேறும் முட்டை போன்ற நுண்ணிய கூடுகள் மண்ணிலும் நீரிலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அவை கலந்த நீரையோ கழுவாத கீரையையோ உட்கொண்டாலும், ஒட்டுண்ணி தங்கியிருக்கும் இறைச்சியை அரைவேக்காட்டில் சாப்பிட்டாலும் தொற்று ஏற்படும். பூனை பெரும்பாலும் தன் வாழ்நாளில் ஒருமுறை, ஒன்று முதல் மூன்று வாரங்கள் மட்டுமே இந்தக் கூடுகளை வெளியேற்றுகிறது. ஆகவே, பூனையை வீட்டைவிட்டுத் துரத்துவதைவிடத் தண்ணீரைக் கொதிக்கவைப்பது பயன் தரும். தமிழ்நாட்டுக்கே இதில் அனுபவம் உண்டு. 2004-05-ல் கோயம்புத்தூரில் டாக்ஸோபிளாஸ்மா தொற்றால் கண்ணின் உட்பகுதி பாதிக்கப்பட்ட 248 பேரை அங்குள்ள கண் மருத்துவர்கள் பதிவுசெய்தனர். மாநகரின் குடிநீர் வழியாகப் பரவியிருக்கலாம் என்பதே அவர்களுடைய ஐயம்.

கர்ப்பிணிக்குப் புதிதாகத் தொற்று ஏற்பட்டால் அது கருவை எட்டக்கூடும். பன்னாட்டுத் தரவுகளைத் தொகுத்து 2007-ல் வெளியான ஆய்வின்படி, 13-ஆவது வாரத்தில் தாய்க்குத் தொற்று ஏற்பட்டால் கருவுக்குப் பரவும் வாய்ப்பு 15 சதவீதம். 26-ஆவது வாரத்தில் 44. 36-ஆவது வாரத்தில் 71. பாதிப்பின் கடுமையோ தலைகீழாக இருக்கிறது. தொடக்க வாரங்களில் பரவுவது அரிது. பரவினால் கரு இறக்கலாம், அல்லது மூளையும் கண்ணும் பாதிக்கப்பட்ட குழந்தை பிறக்கலாம். எனவே, டாக்ஸோபிளாஸ்மா ஒரு கருவைக் கொல்லும் வல்லமை கொண்டதா என்றால், ஆம். அதில் ஐயமே இல்லை.

ஒருமுறை பட்டால் உடல் மறப்பதில்லை

இங்கேதான் நம் வாதத்தின் அச்சாணி இருக்கிறது. ஒருமுறை டாக்ஸோபிளாஸ்மா தொற்றிய உடல் அதை ஆயுள் முழுவதும் நினைவில் வைத்திருக்கிறது. ஒட்டுண்ணி தசையிலும் மூளையிலும் உறங்கும் கூடுகளாக ஒடுங்கிவிடுகிறது. ரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருள் நிலைத்துவிடுகிறது. அடுத்த கர்ப்பத்தில் அந்தத் தாயின் ரத்தம் கருவுக்குக் கவசமாகிறது. எச்ஐவி போன்ற காரணங்களால் எதிர்ப்பாற்றல் வெகுவாகக் குன்றியவர்களும் மிக அரிதான வேறு சிலரும்தான் இதற்கு விலக்கு.

ஆடு வளர்ப்பவர்கள் இதை நேரடியாகக் கண்டிருக்கிறார்கள். செம்மறியாடுகள் குட்டி வீசுவதற்கு டாக்ஸோபிளாஸ்மா முக்கியக் காரணம் என்பது 1950-களில் நியூசிலாந்தில் தெரியவந்தது. தொற்றால் ஒருமுறை குட்டி வீசிய ஆடு பொதுவாக அடுத்த ஈற்றில் அதே காரணத்தால் இழப்பதில்லை. இந்த இயல்பை நம்பித்தான் அந்நாடு ஆடுகளுக்கு உயிருள்ள, வீரியம் குறைந்த ஒட்டுண்ணியைக் கொண்டு தடுப்பூசியே உருவாக்கியது.

மலேரியாவும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. ஃபால்சிபாரம் மலேரியா ஒட்டுண்ணி நஞ்சுக்கொடியில் ஒட்டிக்கொள்ளத் தனியாக ஒரு புரதத்தை வைத்திருக்கிறது. முதல் கர்ப்பத்தில் பெண்ணின் உடல் அந்தப் புரதத்தை அதற்குமுன் பார்த்ததில்லை. அதனால் முதல் பிரசவத்தில்தான் ஆபத்து மிகுதி. அடுத்தடுத்த கர்ப்பங்களில் அதற்கான எதிர்ப்பொருள் சேரச் சேர, மலேரியா மிகுந்த ஆப்பிரிக்கப் பகுதிகளில் பெண்களுக்குப் பாதுகாப்பு கூடுகிறது.

இந்த இரு ஒட்டுண்ணிகளிலும் பாடம் ஒன்றே. ஒட்டுண்ணியால் வரும் இழப்பு, கர்ப்பங்கள் தொடரத் தொடரக் குறைய வேண்டும். இரண்டு, மூன்று, நான்கு என்று இழப்பு தொடர்ந்துகொண்டே போகும் பெண்ணிடம் டாக்ஸோபிளாஸ்மாவைக் குற்றவாளியாக நிறுத்துவது, அந்த ஒட்டுண்ணியின் இயல்புக்கே பொருந்தவில்லை.

பாசிட்டிவ் என்றால் என்ன?

2014-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவின் பல பகுதிகளைச் சேர்ந்த குழந்தை பெறும் வயதிலுள்ள 1,464 பெண்களைச் சோதித்தது. 22.4 சதவீதம் பேரிடம் டாக்ஸோபிளாஸ்மாவின் நீடித்த எதிர்ப்பொருளான ஐஜிஜி இருந்தது. தென்னிந்தியாவில் அது 37.3 சதவீதம். அதாவது, தெருவில் போகும் நூறு பெண்களை நிறுத்திச் சோதித்தாலே முப்பத்தேழு பேர் ‘பாசிட்டிவ்’. அவர்களில் நான்கு பிள்ளை பெற்றவர் இருப்பார். ஒரு கருவும் கலையாதவர் இருப்பார். தொடர் கருச்சிதைவுக்கு ஆளான நூறு பேரைச் சோதித்தாலும் ஏறக்குறைய அத்தனை பேருக்குப் பாசிட்டிவ் வரத்தான் செய்யும். பழைய தொற்றின் தடத்தைப் புதிய இழப்பின் காரணமாகப் படிப்பதுதான் தவறு.

அண்மைத் தொற்றைக் காட்டுவதாகக் கருதப்படும் ஐஜிஎம் எதிர்ப்பொருளும் ஏமாற்றும். அது சிலரிடம் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட நீடிக்கும், பொய்யாகவும் காட்டும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1997-லேயே இந்தப் பரிசோதனைகளின் குறைபாடு பற்றி மருத்துவர்களை எச்சரித்தது. வெளி ஆய்வகங்களில் ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்த கர்ப்பிணிகளின் ரத்தத்தைக் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் உள்ள சிறப்பு ஆய்வகம் மீண்டும் சோதித்தபோது, ஏறத்தாழ 60 சதவீதம் பேருக்கு அது அண்மைத் தொற்றாக இல்லை. அந்த உண்மை உரிய நேரத்தில் தெரியாமல் போயிருந்தால், நல்ல கருவையே கலைக்கும் முடிவுக்குச் சிலர் தள்ளப்பட்டிருப்பார்கள்.

டார்ச் என்ற தொகுப்பு கருச்சிதைவுக்காக உருவானதே இல்லை. பிறவித் தொற்றோடு பிறக்கும் குழந்தையை அடையாளம் காண, குழந்தை மருத்துவர்களுக்கு உதவியாக 1970-களின் தொடக்கத்தில் ஆந்த்ரே நஹ்மியாஸ் முன்வைத்த தொகுப்பு அது. பிரான்ஸ் கர்ப்பிணிகளைச் சோதிக்கிறதே என்று சிலர் கேட்கலாம். 1978-ல் தொடங்கி, 1992 முதல் மாதந்தோறும் அங்கே சோதிப்பது, இதுவரை தொற்றே ஏற்படாத கர்ப்பிணிகளை. இந்தக் கர்ப்பத்தில் புதிதாகத் தொற்று வருகிறதா என்று கண்காணித்து உடனே சிகிச்சை தொடங்குவது அதன் நோக்கம். முடிந்துபோன இழப்புக்குப் பழைய எதிர்ப்பொருளில் காரணம் தேடுவதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

மரபணுக்கள் சொல்வது

அப்படியானால் மரபணு ஆய்வுகள் வீண்தானா? இல்லவே இல்லை. ஒரே ஒட்டுண்ணி ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல்கூட வராமல் கடந்துபோகிறது. இன்னொருவரின் குழந்தையின் பார்வையைப் பறிக்கிறது. ஏன் இந்த வேறுபாடு என்ற கேள்வி உயிரியலின் ஆழமான கேள்விகளில் ஒன்று.

டாக்ஸோபிளாஸ்மாவுக்கு எதிராக உடல் சுரக்கும் முதன்மையான ஆயுதம் இண்டர்ஃபெரான் காமா. அது மனிதச் செல்களில் ‘ஐடிஓ’ என்ற நொதியைத் தூண்டுகிறது. டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தை அந்த நொதி சிதைத்துவிடுகிறது. டிரிப்டோஃபேனைத் தானே தயாரிக்க முடியாத ஒட்டுண்ணி பட்டினியில் பெருக முடியாமல் ஒடுங்குகிறது. இதை 1984-ல் எல்மர் ஃபெஃபர்கார்ன் காட்டினார். 1998-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் டேவிட் மன், ஆண்ட்ரூ மெல்லர் குழுவினர் கருவுற்ற எலிகளில் இதே நொதியை முடக்கினார்கள். தந்தைவழி மரபுக்கூறுகள் வேறுபட்டிருந்த கருக்களைத் தாய் எலியின் உடல் நிராகரித்துவிட்டது. ஒட்டுண்ணியைப் பட்டினி போடும் நொதியே கருவைத் தாயின் எதிர்ப்பாற்றலிடமிருந்து காக்கிறது. இயற்கை ஒரே கருவியை இரு வேலைக்கும் வைத்திருக்கிறது.

இன்னொரு பக்கம், இண்டர்ஃபெரான் காமா அளவுக்கு மீறினால் கருவுக்கே கேடு. குறைந்தால் ஒட்டுண்ணி வெல்லும். கூடினால் கரு தோற்கும். இந்தத் துலாக்கோல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் மரபணுவுக்குப் பங்கு இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. இண்டர்ஃபெரான் காமா மரபணுவின் 874-ஆவது இடத்தில் சிலருக்கு ‘டி’ எழுத்தும் சிலருக்கு ‘ஏ’ எழுத்தும் உண்டு. ‘டி’ உள்ளவர்களின் செல்கள் அதிகமாகச் சுரக்கும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. டிஎன்எஃப் ஆல்ஃபா, இண்டர்லூக்கின்-10 ஆகிய பிற எதிர்ப்பாற்றல் புரதங்களின் மரபணுக்களிலும் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு. இவற்றைத்தான் தொடர் கருச்சிதைவுக்கு ஆளான பெண்களிடம் ஆய்வாளர்கள் தேடுகிறார்கள்.

உறுதியான கண்டுபிடிப்புகளும் இருக்கின்றன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பிறவித் தொற்றுள்ள குழந்தைகளின் குடும்பங்களை ஆராய்ந்து 2008-ல் வெளியான ஆய்வு, ஏபிசிஏ4, சிஓஎல்2ஏ1 என்ற இரு மரபணுக்களின் வேறுபாடுகளைக் கண், மூளைப் பாதிப்போடு இணைத்தது. 2011-ல் என்ஏஎல்பி1 என்ற எதிர்ப்பாற்றல் மரபணுவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. இதில் ஒட்டுண்ணியின் மரபணுவுக்கும் பங்குண்டு. பிரேசிலில் பிறவித் தொற்றோடு பிறக்கும் குழந்தைகளுக்குக் கடுமையான கண் பாதிப்பு ஏற்படும் ஆபத்து ஐரோப்பியக் குழந்தைகளைவிட ஐந்து மடங்கு. அங்கே சுற்றும் ஒட்டுண்ணி வகைகள் வேறு.

கருச்சிதைவில் எதிர்ப்பாற்றல் மரபணுக்களின் பங்கைப் பற்றி டென்மார்க்கிலிருந்து கவனிக்கத்தக்க செய்தி வந்திருக்கிறது. முதலில் ஆண் குழந்தை பெற்று, பின்னர் தொடர்ந்து கருவை இழக்கும் பெண்களில் எச்எல்ஏ என்ற எதிர்ப்பாற்றல் மரபணுக்களின் சில குறிப்பிட்ட வகைகள் உள்ளவர்களுக்கு அடுத்த குழந்தை பெறும் வாய்ப்பு குறைவாக இருப்பதை ஓலே கிறிஸ்டியன்சன், ஹென்ரியட்டே ஸ்வார் நீல்சன் குழுவினர் கண்டனர். ஆண் கருவின் புரதங்களைத் தாயின் எதிர்ப்பாற்றல் நினைவில் வைத்திருப்பது இதற்குக் காரணமாக இருக்கலாம். இந்த வழியில் போகும் ஆய்வுகளுக்கு நாடு பணம் ஒதுக்க வேண்டும். நம் மருத்துவக் கல்லூரிகள் அவற்றில் பங்கேற்க வேண்டும்.

ஆய்விலிருந்து சீட்டுக்கு வரும் தூரம்

ஆனால், நூறு நோயாளிகளையும் நூறு பிற பெண்களையும் வைத்துக்கொண்டு மரபணுவின் சில இடங்களை ஒப்பிடும் சிறு ஆய்வுகளைக் கவனமாகத்தான் படிக்க வேண்டும். ஓர் இடத்தில் தற்செயலாகவே ‘தொடர்பு’ தென்பட நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு உண்டு என்பது அறிவியலின் வழக்கமான அளவுகோல். பத்து இடங்களைச் சோதித்தால், உண்மையில் ஒன்றுமே இல்லாதபோதும் ஒன்றிலாவது தொடர்பு தென்படும் வாய்ப்பு 40 சதவீதமாகிவிடும். அந்த ஒன்று கட்டுரையாகிறது. மற்ற ஒன்பது மறைந்துபோகின்றன.

இரண்டாவது சிக்கல் இன்னும் பெரியது. தொடக்கக் காலக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதி, கருவின் குரோமோசோம் எண்ணிக்கைப் பிழையால் நிகழ்கின்றன. இழந்த கருவின் திசுவைச் சோதிக்காமல், அதில் ஒட்டுண்ணி இருந்ததா என்றும் பார்க்காமல், பல மாதம் கழித்துத் தாயின் கையில் ரத்தம் எடுத்து மரபணுவையும் பழைய எதிர்ப்பொருளையும் ஒப்பிட்டால் அந்தப் பாதி இழப்புகளின் காரணமும் தாயின் தலையில் தவறாக ஏற்றப்படும்.

பெரிய அளவில் தேடியபோது என்ன கிடைத்தது? ஒருமுறையோ இருமுறையோ கருச்சிதைவுக்கு ஆளான 69,054 பெண்களையும், தொடர்ச்சியாகப் பலமுறை இழந்த 750 பெண்களையும் முழு மரபணுத் தொகுதி அளவில் ஆராய்ந்த பன்னாட்டு ஆய்வு 2020-ல் வெளியானது. மரபணுக்களின் பங்கு சிறியது என்று அது கண்டது. அடையாளம் காணப்பட்ட ஒரு சில இடங்கள் ஹார்மோன் ஒழுங்கு, நஞ்சுக்கொடி வளர்ச்சி ஆகியவற்றின் பக்கமே கைகாட்டின. ஐரோப்பிய மனித இனப்பெருக்கச் சங்கமான ‘எஷ்ரே’ இந்தச் சான்றுகளை எல்லாம் எடைபோட்டு, தொடர் கருச்சிதைவுக்கான வழக்கமான பரிசோதனையில் இண்டர்ஃபெரான் காமா போன்ற சைட்டோகைன்களின் மரபணுச் சோதனைகளைப் பரிந்துரைக்கவில்லை. ‘நேச்சுரல் கில்லர்’ என்ற எதிர்ப்பாற்றல் செல்களின் எண்ணிக்கைச் சோதனைக்கும், கணவனின் வெள்ளணுக்களை மனைவிக்கு ஊசியாகச் செலுத்தும் சிகிச்சைக்கும் அது இடம்தரவில்லை.

காக்கையும் பனம்பழமும்

‘எங்கள் உறவுக்காரப் பெண்ணுக்கு டாக்ஸோ மாத்திரை சாப்பிட்ட பிறகுதானே குழந்தை பிறந்தது?’ என்று பலர் கேட்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இங்கே நடந்திருக்கிறது. காரணம் கண்டறியப்படாத தொடர் கருச்சிதைவுக்கு ஆளான 836 பெண்களிடம் புரோஜெஸ்டிரோன் மருந்தைச் சோதித்த ஆய்வு 2015-ல் வெளிவந்தது. மருந்து பெற்றவர்களில் 65.8 சதவீதம் பேர் குழந்தை பெற்றனர். மருந்தே இல்லாத போலி மாத்திரை பெற்றவர்களில் 63.3 சதவீதம் பேர். அதாவது, எந்த மருந்தும் இல்லாமலேயே நூற்றுக்கு அறுபத்து மூன்று பேருக்கு அடுத்த கரு தங்கியது. லிவர்பூல் நகரத் தொடர் கருச்சிதைவு மருத்துவப் பிரிவு 1999-ல் வெளியிட்ட ஆய்வில், ஆதரவான கவனிப்பு மட்டுமே பெற்ற பெண்களில் நான்கில் மூவருக்கு அடுத்த கர்ப்பம் வெற்றி பெற்றது. இந்தப் பெண்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாலும் பெயர் சர்க்கரைத் தண்ணீருக்குத்தான் போகும்.

இந்த எண்களை ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். மூன்று முறை இழந்த பிறகும் குழந்தை பெறும் வாய்ப்பு, பெறாத வாய்ப்பைவிட அதிகம். வயது கூடக் கூட அந்த வாய்ப்பு குறையும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ‘உடம்பில் கிருமி’ என்ற சொல்லைவிட இந்த உண்மை அவருக்கு ஆயிரம் மடங்கு தேவை.

தேட வேண்டியவை

டார்ச் வேண்டாம் என்றால் எதைத் தேடுவது? சிகிச்சை உள்ள காரணங்களை முதலில் தேட வேண்டும். ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்குறி அவற்றில் தலையாயது. ரத்தத்தை உறையவைக்கும் போக்குள்ள எதிர்ப்பொருள்களைப் பன்னிரண்டு வார இடைவெளியில் இருமுறை சோதித்து அதை உறுதிசெய்யலாம். லண்டனில் நடந்து 1997-ல் வெளியான ஆய்வில், இந்த நோய்க்குறி உள்ள பெண்களில் ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களில் 42 சதவீதம் பேருக்கும், ஹெப்பாரின் ஊசியும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. நோய் எதிர்ப்பாற்றல் பிறழ்ந்து கருவை இழக்கவைப்பதற்கு உறுதியான சான்றும் சிகிச்சையும் உள்ள இடம் இதுதான். எதிர்ப்பாற்றலைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் இங்கிருந்தே தொடங்க வேண்டும்.

அடுத்து தைராய்டு, ரத்தச் சர்க்கரை, ஸ்கேன் மூலம் கருப்பையின் வடிவம். இழந்த கருவின் திசு கிடைத்தால் அதன் குரோமோசோம் சோதனை. தேவைப்படும்போது பெற்றோர் இருவரின் குரோமோசோம் சோதனை. ‘பெற்றோர் இருவர்’ என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் சோதனைக்குப் போவது பெரும்பாலும் மனைவி மட்டுமே. ஏற்கெனவே இழப்புகளைச் சந்தித்த பெண்ணுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரத்தக்கசிவு வந்தால் புரோஜெஸ்டிரோன் உதவும் என்பதற்கு 2019-ன் பெரிய ஆய்வு சான்று தருகிறது: மூன்று அல்லது அதற்கு மேல் இழந்தவர்களில் மருந்து பெற்றோருக்கு 72 சதவீதமும் போலி மாத்திரை பெற்றோருக்கு 57 சதவீதமும் வெற்றி.

டாக்ஸோபிளாஸ்மா சோதனைக்கும் உரிய இடம் உண்டு. கர்ப்பிணிக்குக் காய்ச்சலோடு கழுத்தில் நெறி கட்டினாலோ, ஸ்கேனில் குழந்தையின் மூளையில் நீர்த்தேக்கமோ சுண்ணாம்புப் படிவோ தெரிந்தாலோ, எதிர்ப்பாற்றல் குன்றிய பெண் கருவுற்றாலோ அது கட்டாயம் தேவை. அப்போதும் தொற்றின் வயதைக் காட்டும் ‘அவிடிட்டி’ சோதனை இல்லாமல் முடிவெடுக்கக் கூடாது.

அரசும் சமூகமும்

அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. தொடர் கருச்சிதைவுக்கான பரிசோதனை வரிசை ஒன்றை வகுத்து, அரசு, தனியார் மருத்துவமனைகள் இரண்டுக்கும் பொதுவாக்க வேண்டும். அதில் டார்ச் தொகுப்புக்கு இடமில்லை என்று வெளிப்படையாக எழுத வேண்டும். ஆன்டிபாஸ்போலிப்பிட் சோதனையும் கருத்திசுவின் குரோமோசோம் சோதனையும் மாவட்ட மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். தேவையற்ற சோதனைக்குக் குடும்பங்கள் செலவிடும் பணம், தேவையான சோதனையைச் செய்ய முடியாத அளவுக்கு அவர்களை ஓட்டாண்டியாக்கிவிடக் கூடாது. குடிநீர்த் தேக்கங்களின் பாதுகாப்பு கர்ப்பிணிகளின் நலனோடு சேர்ந்தது என்பதைக் கோவை அனுபவத்திலிருந்து உள்ளாட்சிகள் உணர வேண்டும். கொதிக்கவைத்த நீர், நன்றாகக் கழுவிய கீரை, முழுவதும் வெந்த இறைச்சி, மண்ணைத் தொட்ட பிறகு சோப்பால் கை கழுவுதல் என்ற நான்கையும் கிராமச் சுகாதார செவிலியர்கள் சொல்லித் தந்தால், ஒட்டுண்ணியின் உண்மையான ஆபத்து பெருமளவு விலகும்.

சட்டமும் இந்தப் பெண்களின் பக்கம் இருக்கிறது. கருச்சிதைவுக்குப் பிறகு ஆறு வாரம் ஊதியத்துடன் விடுப்பு என்று 1961-ன் மகப்பேறு பயன் சட்டமே சொன்னது. 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதைத் தொடர்கிறது. எத்தனை ஜவுளிக்கடை ஊழியர்களுக்கும் பின்னலாடைத் தொழிலாளர்களுக்கும் இந்த உரிமை தெரியும்? இரண்டாம் நாளே வேலைக்குத் திரும்பும் பெண்ணுக்கு எந்த மரபணு ஆய்வும் ஆறுதல் தராது.

எதிர்ப்பாற்றல் மரபணுக்களின் ஆய்வு ஒருநாள் சில பெண்களுக்குச் சரியான விடையைத் தரலாம். அந்த நாளுக்காக உழைக்கும் ஆய்வாளர்களுக்கு நாம் செய்யும் நியாயம், அவர்களுடைய பாதிக் கேள்வியை இன்றைய நோயாளியின் தலையில் முழு விடையாகச் சுமத்தாமல் இருப்பது. அதுவரை, பரிசோதனைச் சீட்டில் டார்ச் என்றோ மரபணுச் சோதனை என்றோ எழுதப்பட்டால், அந்தப் பெண்ணும் அவரோடு போகும் கணவரும் மருத்துவரிடம் தயங்காமல் கேட்க வேண்டும்: “இதன் முடிவு எப்படி வந்தாலும், அதனால் சிகிச்சை மாறுமா?” மாறாது என்றால் அந்தச் சோதனை வேண்டாம். இந்தக் கேள்வியைக் கேட்பது நோயாளியின் உரிமை. பொறுமையோடு பதில் சொல்வது மருத்துவரின் கடமை.